நான்கு நாள் கோல்ஃபும் நொடிக் கணக்குக் காளையும்

2019 ஜூலையில் வடக்கு அயர்லாந்தின் போர்ட்ரஷ் என்ற சின்னக் கடலோர ஊருக்கு, 68 ஆண்டு கழித்து ஓபன் கோல்ஃப் திரும்பியது. மண்ணின் மைந்தர் ரோரி மெக்கில்ராய் முதல் நாளே 79 ஷாட் எடுத்துச் சறுக்கினார். மறுநாள் 65-இல் முடித்தும் ஒரே ஒரு ஷாட்டில் அடுத்த கட்டத்துக்கான தகுதி கைநழுவியது. நாயகன் வெளியேறியும் கூட்டம் கலையவில்லை. ஷேன் லோரி சனிக்கிழமை 63, ஞாயிறு மழையிலும் காற்றிலும் நிதானம், ஆறு ஷாட் வித்தியாசத்தில் கோப்பை. அந்த வாரம் திடலுக்கு வந்தவர்கள் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல்.

இதற்கு ஆட்டத்தின் அமைப்பே பாதிக் காரணம். நான்கு நாள், 72 குழி. அதற்கு முன்னால் பயிற்சி நாட்கள் வேறு. வந்தவர் தங்கியே ஆக வேண்டும். சற்றுத் தள்ளி டன்லூஸ் கோட்டை, ஜயன்ட்ஸ் காஸ்வே பாறைகள். சுற்றுலாத் துறை இவற்றைப் போட்டியோடு சேர்த்தே விற்றது. 2022-இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் இரண்டு வாரம் நடந்தபோது, வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரைச் சின்னத்தை முன்னிறுத்தித் தமிழ்நாடும் அதைத்தான் செய்தது.

அதற்காக வேலூர், ஆம்பூர் பக்கம் கோல்ஃப் திடல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்காக 1996-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு இழப்பீட்டுக்கு வழி செய்த மண் இது. புல்லுக்கு அவ்வளவு தண்ணீர் கேட்கும் ஆட்டம் இங்கே ஆகாது. அதோடு, நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெரும் போட்டி இருக்கிறது: மாடு விடும் திருவிழா.

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் திமிலைப் பிடித்து அணைய வேண்டும். இங்கே காளையைத் தொடவே கூடாது, போட்டி கடிகாரத்தோடுதான். வாடிவாசலில் கயிற்றை உருவியதும் இரு பக்கத் தடுப்புக்கு நடுவே காளை பாய்கிறது. குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடப்பதற்கே பரிசு. வேகம் மட்டும் போதாது. கூச்சலுக்கு மிரண்டு தலையைத் திருப்பும் காளை அந்த ஒரு கணத்தில் பின்தங்கிவிடும். நேர்கோட்டில், கொம்பு அசையாமல் ஓடுவதுதான் முதல் பரிசு மாட்டின் லட்சணம். பழக்குபவரின் உழைப்பு அங்கேதான் தெரியும்.

மாட்டுப் பொங்கலை ஒட்டித் தொடங்கி அணைக்கட்டு, கே.வி.குப்பம், நாட்றம்பள்ளி என்று ஊர் ஊராக வாரக்கணக்கில் நடக்கும் விழா இது. ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தும் காளைகள் வருகின்றன. கோல்ஃப் உலகில் இதைத்தான் ‘டூர்’ என்கிறார்கள். ஆனால் நம் டூருக்கு அட்டவணை கிடையாது. தேதி ஊர் பேனரிலும் வாட்ஸ்அப்பிலும் வந்தால் உண்டு. எந்தக் காளை எத்தனை நொடி என்பது அன்றைய ஒலிபெருக்கியோடு காற்றில் போய்விடுகிறது. மதியத்தோடு விழா முடிந்து, வெளியூர்க்காரர் அடுத்த பேருந்தைப் பிடிக்கிறார்.

அவரை இன்னொரு நாள் நிறுத்த என்ன குறை? ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணி, பக்கத்திலேயே கத்தரிக்காய்த் தொக்கு. ஏற்றுமதிக்குக் காலணி தைக்கும் ஊரில் நல்ல தோல் செருப்பும் வாங்கலாம். 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏலகிரி. காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியைக் கண்ட வேலூர்க் கோட்டை, அகழியோடு.

சிக்கல் நிர்வாகத்தில். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் கோட்டை ஒரு மாவட்டம், ஆம்பூரும் ஏலகிரியும் திருப்பத்தூர் மாவட்டம். விழாவுக்கான அனுமதியும் அந்தந்த ஆட்சியர் வழிதான். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்சியர்கள் சேர்ந்து டிசம்பரிலேயே ஒரே அட்டவணை வெளியிடட்டும். ஒரே தூரம், மின்னணு நேரக் கணக்கு, பருவ முடிவில் தரவரிசை என்று விதி வகுக்கட்டும்.

அதற்கும் முன்னால் தடுப்பு. ஓடும் காளையைத் தட்டிப் பார்க்கப் பாதைக்குள் இறங்குபவர்கள் ஆண்டுதோறும் குத்துப்பட்டுச் சாய்கிறார்கள். வெளியூர்க் குடும்பத்தைக் கூப்பிடுகிற இடத்தில் இரட்டைத் தடுப்பும், உயர்ந்த இருக்கையும், வாடிவாசலிலிருந்து எல்லைக்கோடு வரை ஆள் இல்லாத தெருவும் கட்டாயம். இந்த மூன்றும் தயாராகாத ஊரின் பெயரை அந்த அட்டவணையில் சேர்க்கவே கூடாது.