வந்தவரும் வரவேண்டியவரும்

கள்ளக்குறிச்சியிலும் திருக்கோவிலூரிலும் கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர்களிலும் உள்ள தேவாலயங்களில், கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு ஞாயிறுகளில் ஏசாயா தீர்க்கதரிசியின் ஏட்டை வாசித்து, அவர் உரைத்தவை யாவும் பெத்லகேமில் நிறைவேறின என்று பிரசங்கிப்பது நெடுநாளைய சம்பிரதாயம். அதன் பலத்தையும் பிழையையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்க வேண்டிய கடமை, அதை நேசிப்பவர்களுக்கே முதலில் உண்டு.

யூத குலத்தின் காத்திருப்பிலிருந்து இயேசுவைப் பிரித்துவிட்டால், அவர் குலமும் நிலமும் அற்ற ஒரு பொது ஞானியாகக் குறுகிப்போவார். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் எபிரேய வேதத்தை அடியோடு விலக்க முனைந்தபோது, திருச்சபை அவரையே விலக்கியது. தாவீதின் வழிவந்து அபிஷேகம் பெறும் அரசனாகிய மெசியா என்ற அந்தப் பழைய நம்பிக்கையின்றித் தன் விசுவாசத்திற்கு வேரில்லை என்று அது தெளிந்திருந்தது.

ஆயினும், வேரைப் போற்றுகிறவர்கள் அது ஊன்றிய மண்ணைக் கவனிப்பதில்லை. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் எருசலேமின்மேல் படையெடுத்து வர, கலங்கி நின்ற யூதாவின் ஆகாஸ் மன்னனை ஏசாயா சந்தித்தது வண்ணார்துறைக்குப் போகும் வழியில், மேற்குளத்து மதகருகே. பிறக்கவிருக்கும் பிள்ளைக்கு நன்மை தீமை பகுத்தறியும் பருவம் வருமுன்பே அவ்விரு பகைவரின் நாடுகளும் பாழாகும் என்பதே அம்மன்னனுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல். முற்றுகைக்கு அஞ்சிய ஊருக்கு உரைத்த அந்த வாக்கில் பின்வந்தோர் இன்னோர் ஆழத்தைக் கண்டது விசுவாசத்தின் உரிமை. முதற்பொருளே இல்லாததுபோல் பிரசங்கிப்பது நியாயமன்று.

யூதர் குறிப்பிட்ட ஒருவரையே எதிர்பார்த்திருந்து, அவர் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டனர் என்ற குற்றச்சாட்டும் சரித்திரத்திற்கு ஒவ்வாது. பாரசீக மன்னன் கோரேசையே அபிஷேகம் பெற்றவன் என்றழைக்கிறது ஏசாயாவின் ஏடு. கும்ரான் என்ற பண்டைய யூதச் சமூகத்தார் குருமரபில் ஒருவரும் அரசமரபில் ஒருவருமாக இருவரை எதிர்நோக்கினர். கி.பி. 132இல் ரோமரை எதிர்த்தெழுந்த பர் கோக்பாவை மெசியா என்று வாழ்த்தியவர் ரபி அகிபா. பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸோ, மெசியா அற்புதங்கள் செய்துகாட்ட வேண்டியதில்லை என்று எழுதினார். இதையெல்லாம் எடுத்துச்சொல்ல நம் ஜில்லாவில் யூதர் எவருமில்லை. 1568இல் எழுந்த கொச்சி மட்டாஞ்சேரி யூத ஜெபாலயத்தைச் சூழ்ந்து வாழ்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். மறுமொழி கூற ஆளில்லாத இடத்தில் பேசுகிறவருக்குப் பொறுப்பு அதிகம்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை வேறொன்று. ஏசாயாவின் பதினோராம் அதிகாரத்து அரசன் ஏழைக்கு நீதி வழங்குகிறவன், எளியவனுக்காகத் தீர்ப்பளிக்கிறவன். அந்த நீதியை ஆத்துமாவுக்குள் மட்டும் நிகழும் சங்கதியாக்கிவிட்டோம். சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஜாகீர்களாகப் பிரிந்திருந்த கல்வராயன் மலையில், 1976இல் அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை, மலையாளிப் பழங்குடியினர் ஜாகீர்தார்களுக்கு வரியும் செலுத்திக் கூலியின்றி உழைத்தும் கொடுத்தனர். அந்த மக்களின் பிள்ளைகளுக்கு முன்னே அவ்வதிகாரத்தை வாசிக்கிறவர், நீதியுள்ள அரசன் வந்துவிட்டான் என்பதோடு நிறுத்திக்கொண்டால், அவர்கள் கேட்கக்கூடிய கேள்வி யூதர் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டுவருவதே: மெசியா வந்திருந்தால் உலகம் ஏன் இன்னும் மீட்கப்படவில்லை?

இதற்கு விடையாகத்தான் கிறிஸ்தவர் இரண்டாம் வருகையை நம்புகின்றனர். ஆகவே அவர்களும் காத்திருக்கிறவர்களே. யூதரின் மெசியா எதிர்பார்ப்பு வீணானதன்று என்றும், கிறிஸ்தவரும் அவர்களைப் போலவே எதிர்நோக்கி வாழ்கிறவர்கள் என்றும் 2001இல் ரோமாபுரியின் பாப்பிறை விவிலிய ஆணையமே எழுதியிருக்கிறது. சம்பிரதாயத்தைக் கைவிட வேண்டுவதில்லை. பெத்லகேமுக்குப் போகுமுன் அந்த மேற்குளத்து மதகருகே பிரசங்கியார் சற்று நின்று பேசட்டும். மலையில் இன்னும் வந்துசேராத நீதி எது என்பதையும் அதே பீடத்திலிருந்து சொல்லட்டும்.