சித்திரவதை: நாளேடுகள் தவிர்த்த ஒரு சொல்

செய்தியேடுகளின் சார்பினை அளந்தறிய முற்படுவோர் பெரும்பாலும் அவை எழுதிய சொற்களையே எடுத்துக்கொள்கின்றனர். எழுதாமல் விட்ட சொற்களும் அதே அளவு ஆய்வுக்குரியவை. புத்தாயிரத்தின் முதற் பத்தாண்டில் அமெரிக்க நாளேடுகள் ‘சித்திரவதை’ என்னும் எளிய சொல்லைக் கையாண்ட விதம் இதற்குத் தக்க சான்றாகும்.

கைதியைச் சாய்ந்த பலகையில் கிடத்திக் கட்டி, முகத்தைத் துணியால் மூடி, அதன்மேல் நீரூற்றி மூச்சுத் திணறச் செய்வது பழைய கொடுமை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையினர் கைதிகள்மீது நடத்திய நீர்க்கொடுமையை டோக்கியோ தீர்ப்பாயம் சித்திரவதை வகைகளுள் ஒன்றாகவே பதிவு செய்தது. ஆனால் 2002 ஆகஸ்டில் அமெரிக்க நீதி அமைச்சகத்தின் வழக்கறிஞர்கள் அச்சொல்லுக்குப் புதிய வரம்பு கட்டினர். உறுப்புகள் செயலிழத்தல், மரணம் போன்றவற்றுக்கு ஒப்பான வலி இருந்தாலன்றி அது சித்திரவதையாகாது என்றனர். அதே மாதத்தில் அபூ சுபைதா என்னும் கைதிக்கு 83 முறையும், 2003 மார்ச்சில் காலித் ஷேக் முஹம்மதுக்கு 183 முறையும் இவ்வாறு நீரூற்றப்பட்டமை 2009-இல் வெளியான அரசு ஆவணங்களால் தெரியவந்தது. இச்செயலுக்கு வழங்கலான ‘வாட்டர்போர்டிங்’ என்ற பெயரில் நீர் உண்டு, பலகை உண்டு. மூச்சுத் திணறும் மனிதன் இல்லை.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கென்னடி பள்ளி மாணவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்று, நாளேடுகள் இச்செயலை எவ்வாறு குறித்தன எனக் கணக்கிட்டது. 1930-களின் தொடக்கம் முதல் இச்செய்தி 2004-இல் வெடிக்கும் வரை, நியூயார்க் டைம்ஸ் இதனைப் பற்றி வெளியிட்ட 54 கட்டுரைகளில் 44, சித்திரவதை என்றோ அப்பொருள்படவோ எழுதின. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸில் 27-க்கு 26. 2002 முதல் 2008 வரையிலான காலத்திலோ, முன்னதில் 143-க்கு 2. பின்னதில் 63-க்கு 3. வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் 63-க்கு 1. யுஎஸ்ஏ டுடே ஒருமுறையும் எழுதவில்லை.

இவ்வாய்வின் மற்றொரு கணக்கு இதனினும் கூர்மையானது. செய்தவர் வேற்று நாட்டினராயின், நியூயார்க் டைம்ஸில் 33 கட்டுரைகளில் 28 அச்சொல்லை ஏற்றன. செய்தது அமெரிக்காவாயின் 208-இல் 16 மட்டுமே ஏற்றன. செயல் மாறவில்லை, செய்தவர் மாறியதும் சொல் மாறிற்று.

இதற்கு அந்நாளேடு கூறிய விளக்கத்தையும் நேர்மையுடன் எடைபோட வேண்டும். அரசின் மூத்த அலுவலர்கள் இது சித்திரவதையன்று என வாதிடும்போது, அச்சொல்லை எழுதுவது அரசியல் பூசலில் ஒரு பக்கம் சாய்வதாகும்; ஆதலின் விவரங்களைத் தந்து முடிவை வாசகரிடம் விட்டோம் என்பது அதன் நிலை. நீரூற்றும் முறையை அவ்வேடு மறைக்கவில்லை என்பதும், அதன் தலையங்கங்கள் அச்சொல்லைத் தயங்காமல் ஆண்டன என்பதும் உண்மையே. எனினும் இவ்விளக்கம் நிறைவு தரவில்லை. பல்லாண்டு ஐயமின்றி வழங்கிய சொல், குற்றஞ்சாட்டப்பட்ட தரப்பு மறுத்தவுடன் ‘பூசலுக்குரியது’ ஆகிவிடுமாயின், மறுக்கும் வலிமை பெற்ற எவரும் எச்சொல்லையும் செய்தியிலிருந்து நீக்கிவிடலாம். அப்போது நடுநிலை என்பது வலியவனின் அகராதியை ஏற்பதாகவே முடியும்.

2014 ஆகஸ்டில் அந்நாளேட்டின் ஆசிரியர் டீன் பாக்கே, இனி அச்சொல்லை எழுதுவோம் என அறிவித்தார். சட்டத்தார் கொள்ளும் சிறப்புப் பொருளையும் மக்கள் வழக்கிலுள்ள பொதுப் பொருளையும் அவர் வேறுபடுத்திக் காட்டியது குறிப்பிடத்தக்கது. இவ்வேறுபாடு 2004-இலும் இருந்தது. மக்களுக்காக எழுதும் ஏடு மக்களின் பொருளை விடுத்துச் சட்டத்தாரின் பொருளைப் பற்றிக்கொண்டதே அதன் பிழை. திருத்தம் வந்தபோது, அம்முறையை விலக்கிய 2009-ஆம் ஆண்டு ஆணை பிறந்து ஐந்தாண்டுகள் கடந்திருந்தன.

இது அமெரிக்க ஏடுகளுக்கு மட்டும் உரிய நோயன்று. ‘போலீசார் தங்கள் பாணியில் விசாரித்ததில் உண்மையை ஒப்புக்கொண்டார்’ என்ற வாக்கியத்தைத் தமிழ் நாளிதழ் வாசகர் அறிவர். அந்தப் ‘பாணி’ யாது என எவரும் கேட்பதில்லை. சிலர் புன்னகையுடன் கடந்து செல்வதும் உண்டு. அபூ கரைப் சிறைக் கொடுமைகள் 2004-இல் வெளிப்பட்டபோது, அவற்றைச் சித்திரவதை என எழுத நமக்குத் தயக்கமிருக்கவில்லை. அதே சிறையில் சதாம் உசேன் ஆட்சி நடத்தியவற்றுக்கும், முஸ்லிம் நாடுகளின் சிறைகளில் முஸ்லிம்கள் கையால் முஸ்லிம்கள் பட்ட துன்பங்களுக்கும் அச்சொல்லை அதே விரைவுடன் எழுதினோமா? ஹார்வர்ட் மாணவர்கள் கைக்கொண்ட எளிய கணக்கை நம் இதழ்களின் பழைய தொகுதிகள்மீதும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம்.