வால்யூமைக் குறைக்க வைக்கும் இயர்பட்ஸ்

இரைச்சல் நீக்கும் இயர்பட்ஸ் கொடுத்த காசுக்கு உழைக்கிறதா என்று தெரிந்துகொள்ள, போனில் வால்யூம் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் சாதாரண இயர்போனை மாட்டிக்கொண்டால், முக்கால் அளவுக்கு மேல் ஏற்றாமல் கச்சேரி கேட்க முடியாது. அதே ரயிலில் சோனி டபிள்யூ.எஃப்-1000எக்ஸ்.எம்.5 இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு, பாதி அளவுக்கும் கீழே வைத்துக் கேட்கிறேன். ராகம் பாடுபவர் மூச்சு வாங்கும் இடம் கூடத் தெரிகிறது. தினமும் இதைப் பயன்படுத்துகிறவனாகச் சொல்கிறேன்: இந்த வகைக் கருவியின் உண்மையான பயன் நிசப்தம் அல்ல, குறைத்துக் கேட்க முடிவதுதான்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 83 டெசிபெல்லில் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி. தினமும் போகவர இரண்டு மணி நேரம் பயணம் செய்பவர் வால்யூமை ஏற்றியே கேட்டால், வாரக் கணக்கு எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று பாருங்கள். உள்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. அதனால் நான் இதைச் சொகுசுப் பொருளாகப் பார்ப்பதில்லை. காதுக்கான பாதுகாப்பாகவே பார்க்கிறேன்.

பேருந்து விழுங்கும் தம்புரா

பயணத்தில் ஏன் வால்யூமை ஏற்றுகிறோம்? ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போது, சிலிண்டர்களுக்குள் நொடிக்கு 75 முறை எரிபொருள் வெடிக்கிறது. அதாவது 75 ஹெர்ட்ஸில் ஓயாத ஒரு முழக்கம். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகருக்குத் தம்புராவின் மந்தர ஷட்ஜம் ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இரண்டும் ஒரே பகுதி. பலமான ஒலி பக்கத்திலுள்ள மெல்லிய ஒலியை மறைத்துவிடும் என்பது காதின் இயல்பு. பேருந்தில் முதலில் தம்புரா போகிறது, அடுத்து மிருதங்கத்தின் தாழ் ஒலிப் பக்கமான தொப்பி போகிறது, இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் போகிறது. மிருதங்கத்தின் மறுபக்கமான வலந்தலையும் குரலும் மட்டும் மிஞ்சுகின்றன. ஏதோ குறைகிறதே என்று வால்யூமை ஏற்றுகிறோம். கீழ்ப்பகுதி அப்போதும் முழுதாகத் திரும்புவதில்லை. குரல் மட்டும் காதைக் குத்துகிறது.

இரைச்சல் நீக்கம் சரியாக இந்தப் பகுதியில்தான் வேலை செய்கிறது. வெளியே உள்ள மைக் முழக்கத்தைக் கேட்டு, அதன் மேடு இருக்கும் இடத்தில் பள்ளமும் பள்ளம் இருக்கும் இடத்தில் மேடுமாக ஓர் எதிர் அலையை ஸ்பீக்கர் வழியே அனுப்புகிறது. உள்ளே இருக்கும் இன்னொரு மைக் காதில் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டுத் திருத்துகிறது. ஜெர்மானியரான பால் லூயெக் இந்தக் கருத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1936இல். 1978இல் சூரிக்கிலிருந்து பாஸ்டன் போகும் விமானத்தில், கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் முழக்கத்தை மீறிப் பாட்டு கேட்க முடியாமல், அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டவர் அமர் போஸ். அவரது நிறுவனம் 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று தலையில் கவிழ்த்துக்கொள்ளும் அளவு பெரிதாக இருந்த ஏற்பாடு, இன்று எக்ஸ்.எம்.5இல் 5.9 கிராமில் காதுக்குள் அடங்குகிறது. இதற்கு முந்தைய எக்ஸ்.எம்.4 இயர்பட் 7.3 கிராம்.

எது மறைகிறது, எது மறைவதில்லை

100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு எதிர் அலை தயாரிக்க அவகாசம் இருக்கிறது. 3,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான். கணக்கில் சிறிது தாமதம் ஆனாலும் மேடு மேட்டோடு சேர்ந்துவிடும். எனவே உயர் ஒலிகளைத் தடுப்பது எலெக்ட்ரானிக்ஸின் வேலை அல்ல, காதை அடைக்கும் முனையின் வேலை.

அன்றாட வாழ்க்கையில் இந்த எல்லைக் கோடு தெளிவாகத் தெரிகிறது. ஏசி, மின்விசிறி, ரயில் பெட்டியின் அதிர்வு, நிற்கும் பேருந்தின் உறுமல் எல்லாம் மாட்டிய மறுநொடியே பின்வாங்குகின்றன. மிக்ஸியில் மோட்டாரின் கீழ் உறுமல் போய், பிளேடின் கீச்சொலி மெலிந்து மிஞ்சுகிறது. குக்கர் விசில் கேட்கும். ஆட்டோ ஹார்ன் கேட்கும். எதிர் சீட்டில் சத்தமாகப் போன் பேசுபவரின் குரலும் கேட்கும். பாட்டை ஓடவிட்டால் அது பின்னணிக்குப் போகும். பேச்சுக் குரலே காதில் விழக் கூடாது என்று எதிர்பார்த்து வாங்குபவர்களுக்கு எந்த நிறுவனத்தின் கருவியும் முழுத் திருப்தி தராது.

காற்றும் ஒரு தொல்லை. ஜன்னலோரத்திலோ ரயில் வாசலிலோ காற்று நேராக மைக்கில் மோதினால், அந்த மோதலையும் கருவி இரைச்சலாக எடுத்துக்கொள்ளும். வெளி மைக் வைத்த எல்லா இயர்பட்ஸுக்கும் இது பொதுவானது. ஓர் இருக்கை உள்ளே தள்ளி உட்கார்ந்தால் வேறுபாடு உடனே தெரியும்.

முனையைச் சரியாகப் பொருத்துங்கள்

வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை முனையின் அளவைத் தேர்ந்தெடுப்பது. எக்ஸ்.எம்.5 பெட்டியில் நான்கு அளவுகளில் நுரை முனைகள் வருகின்றன. நுரையை விரலால் அழுத்திச் சுருக்கி, காதுக்குள் வைத்து, அது விரியும்வரை சில நொடிகள் பிடித்திருக்க வேண்டும். காது இறுக அடைபடாவிட்டால் பேஸ் கசிந்து வெளியேறும். இரைச்சல் நீக்கமும் பாதியாகும். போனில் நிறுவும் சோனி செயலியிலேயே முனையைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவது சகஜம், தனித்தனியாகச் சோதியுங்கள். நுரை நாளடைவில் தளரும் பொருள். நம் ஊர் வியர்வையில் இன்னும் சீக்கிரம் தளரும். தினமும் உலர்ந்த துணியால் துடைத்து, முனைகளை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

காது அடைபட்டால் நம் குரலும் மெல்லும் சத்தமும் தலைக்குள் முழங்கும். எலும்பு வழியே வரும் தாழ் ஒலி வெளியேற வழியில்லாமல் தங்குவதால் வருவது இது. பேசும்போது, வெளி ஒலியை உள்ளே விடும் சுற்றொலி முறைக்கு மாற்றினால் குறையும். நாம் பேச ஆரம்பித்ததும் பாட்டைத் தானாக நிறுத்தும் வசதியும் உண்டு. பாட்டோடு சேர்ந்து முணுமுணுப்பவர்கள் அதை அணைத்து வைப்பது நல்லது.

ஒலி, அழைப்பு, பேட்டரி

8.4 மில்லிமீட்டர் டிரைவர் கொடுக்கும் ஒலி நிதானமானது. தொப்பியின் கும்கி அதிர்ந்து அடங்குவதைப் பின்தொடர முடிகிறது. வயலினின் மேல் ஸ்தாயி உறுத்தவில்லை. பேஸ் கொஞ்சம் தூக்கலாகத் தோன்றினால் செயலியின் ஈக்வலைசரில் ஒரு படி இறக்கினால் போதும். ஆண்ட்ராய்டு போனில் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் எல்டாக் கோடெக் உண்டு, ஐபோனில் ஏஏசி. ஓடும் ரயிலில் இந்த வித்தியாசத்தைத் தேடுவது வீண். வீட்டில், இரவில், நல்ல ஒலிப்பதிவை வைத்துக் கேட்கும்போது எல்டாக்கைப் போடுங்கள். அதில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

அழைப்பில் நம் குரலைப் பிரித்தெடுக்க எலும்பதிர்வை உணரும் சென்சார் உதவுகிறது. தெருவில் நின்று பேசினாலும் எதிர்முனையில் இருப்பவர் மறுபடி கேட்பதில்லை. மடிக்கணினியில் மீட்டிங் தொடங்கி மைக் திறந்ததும் பாட்டின் தரம் தொலைபேசிக் குரல் அளவுக்கு இறங்கும். அது வழக்கமான ப்ளூடூத்தின் கட்டுப்பாடு. பெரும்பாலான இயர்பட்ஸிலும் அப்படித்தான்.

இரைச்சல் நீக்கத்தோடு 8 மணி நேரம், பெட்டியையும் சேர்த்தால் 24 மணி நேரம் என்கிறது நிறுவனம். 3 நிமிட சார்ஜில் ஒரு மணி நேரம் பாடும். இந்த வகைக் கருவிகள் அனைத்தின் மேலும் எனக்குள்ள வருத்தம் பேட்டரியின் ஆயுள் பற்றியது. காதுக்குள் அடங்கும் சின்ன லித்தியம் செல் சில ஆண்டுகளில் தளரும். ஸ்பீக்கரும் மைக்கும் நன்றாக இருந்தாலும் மொத்தக் கருவியும் குப்பைக்குப் போகும். இதற்கு மாற்று வழி இருக்கிறது என்று ஐரோப்பாவில் 2024இல் வந்த ஃபேர்போன் நிறுவனத்தின் ஃபேர்பட்ஸ் காட்டியது. இரைச்சல் நீக்கம் உள்ள அந்த இயர்பட்ஸில், இயர்பட் பேட்டரியையும் பெட்டியின் பேட்டரியையும் வாங்கியவரே மாற்றலாம். பெரிய நிறுவனங்கள் இந்த வழிக்கு வரும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சாலையில் வேண்டாம்

ஹார்ன் கேட்கும் என்று மேலே சொன்னேன். அந்தத் தைரியத்தில் சாலையைக் கடக்காதீர்கள். பின்னால் வரும் லாரியின் உறுமலையும் தண்டவாளத்தின் அதிர்வையும் வைத்துத்தான் உடம்பு முன்கூட்டியே உஷாராகிறது. இரைச்சல் நீக்கம் முதலில் அழிப்பது அந்தத் தாழ் ஒலிகளைத்தான். ஹார்ன் அடிக்காமல் வரும் வண்டி வருவதே தெரியாது. நடக்கும்போது சுற்றொலி முறை. சாலையையோ தண்டவாளத்தையோ கடக்கும்போதும் இருசக்கர வாகனத்திலும் காதில் ஒன்றுமே வேண்டாம். குழந்தைகளிடம் கொடுத்தால் போனில் வால்யூம் வரம்பை அமைத்துவிட்டுக் கொடுங்கள். அவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 75 டெசிபெல்தான்.

யார் வாங்கலாம்?

தினமும் ரயிலிலோ பேருந்திலோ நெடுநேரம் போகிறவர்கள், ஏசி முழங்கும் அலுவலகத்தில் வேலை செய்பவர்கள், நுணுக்கமாக இசை கேட்பவர்கள் வாங்கலாம். அமைதியான வீட்டில் மட்டும் கேட்பவர்களுக்கு நல்ல கம்பி இயர்போனே போதும். 2023இல் இந்தியாவுக்கு வந்தபோது எக்ஸ்.எம்.5 விலை 24,990 ரூபாய். அந்தப் பணத்தை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். மூவாயிரம், நான்காயிரம் ரூபாய்க்கே இரைச்சல் நீக்கும் இயர்பட்ஸ் இப்போது கிடைக்கின்றன. ஒலியின் நுணுக்கத்திலும் அழைப்பிலும் அவை பின்தங்கினாலும், சீரான முழக்கத்தில் கணிசமான பங்கைக் குறைத்துவிடும். கடையில் ஏசிக்குக் கீழே நின்று, பாட்டு இல்லாமல் வசதியை அணைத்தும் போட்டும் பாருங்கள். பிறகு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு, பேஸ் தெளிவாகக் கேட்க எவ்வளவு வால்யூம் வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். இரண்டு கருவிகள் ஒரே அளவில் நின்றால், விலை குறைந்ததையே தயங்காமல் வாங்குங்கள்.