மாரிஸ் கண்ட இல்லக் கலை

நாற்காலி, திரைச்சீலை, கிண்ணம், சுவர்த்தாள் போன்றவற்றை ஆராய்வது திறனாய்வாளர் பணியன்று என்று கருதுவோர் உளர். ஓவியமும் சிற்பமுமே கலை, ஏனையவை கடைச்சரக்கு என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்மையாக மறுத்தவர் ஆங்கிலக் கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மாரிஸ் (1834-1896). 1877 டிசம்பரில் இலண்டனில் அவர் ஆற்றிய முதற் பொதுச் சொற்பொழிவின் பொருளே இதுதான். வீட்டுப் பொருள்களைச் செய்யும் சிறு கலைகளைப் பெருங்கலைகளினின்றும் பிரித்தால் இரண்டும் நலியும் என்றார் அவர். ரஸ்கினிடம் கற்ற மற்றொன்றையும் அதனோடு சேர்த்தார். ஒரு பொருள் அழகியதா என்று கேட்பதோடு, அதனைச் செய்தவன் மகிழ்ந்து செய்தானா என்றும் கேட்க வேண்டும் என்பதே அது. இல்ல அலங்காரம் பற்றிய பேச்சில் மனச்சான்று நுழைந்த இடம் இவ்வினாவே எனலாம்.

மாரிஸ் இதனை ஏட்டளவில் நிறுத்தினாரல்லர். 1859-60இல் நண்பர் பிலிப் வெப் அவருக்கெனக் கட்டிக்கொடுத்த செந்நிற இல்லத்தில் வைக்கத் தக்க பொருள் கடைகளில் அகப்படவில்லை. ஆகவே நண்பர்கள் கூடித் தாமே வரைந்தும் செதுக்கியும் வீட்டை நிரப்பினர். அவ்வுழைப்பே 1861இல் ஒரு வாணிக நிறுவனமாயிற்று.

அந்நிறுவனத்தின் ஆக்கங்களுள் ஒன்றை எடுத்து நோக்குவது பயன்தரும். கெல்ம்ஸ்காட்டிலிருந்த மாரிசின் நாட்டுப்புற இல்லத் தோட்டத்தில் பாடும் பறவைகள் செம்புற்றுப் பழங்களைக் கவர்ந்து செல்வது வழக்கம். 'ஸ்ட்ராபெரித் திருடன்' என்னும் துணி அக்காட்சியினின்றும் பிறந்தது (1883). பறவைகள் இணையிணையாக எதிரெதிர் நிற்கின்றன. கொடியும் இலையும் பூவும் இடைவெளியே இல்லாமல் பரந்து கிடக்கின்றன. ஆயினும் கண்ணுக்கு நெருக்கடி தோன்றவில்லை. காரணம், அடித்தளமாய் நிற்கும் ஆழ்ந்த அவுரி நீலம். அந்நீலம் வந்த வழி எளிதன்று. வாண்டில் ஆற்றங்கரையில் மெர்ட்டன் ஆபி என்னுமிடத்திலிருந்த தொழிற்சாலையில் துணி முழுவதையும் முதலில் அவுரித் தொட்டியில் தோய்ப்பர். பின்னர் வெளுப்புப் பொருள் தடவிய அச்சுக் கட்டைகளை அழுத்தி வேண்டிய இடங்களில் நீலத்தை நீக்குவர். அவ்வெள்ளிடங்களில் சிவப்பும் மஞ்சளும் வேறு கட்டைகளால் ஏற்றப்படும். வேலை முற்றுப்பெறப் பல நாள்கள் செல்லும். வரைந்தவனது கற்பனை மட்டுமன்று, தோய்த்தவனது கைப்பழக்கமும் அத்துணியில் உறைந்து கிடக்கிறது. மாரிசின் கொள்கைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஆனால் நிறுவனம் விற்ற பருத்தித் துணிகளுள் மிகு விலையுடையனவற்றில் இதுவும் ஒன்று. இத்துணி பிறந்த அதே 1883ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் மாரிஸ் சமவுடைமை இயக்கத்திற் சேர்ந்தார்! பகலில் செல்வர் மாளிகைக்குத் திரைச்சீலை வரைந்தவர், மாலையில் தெருமுனையில் நின்று தொழிலாளரிடம் பேசினார். கோரை வேய்ந்த இருக்கையுடைய எளிய சசெக்ஸ் நாற்காலி போன்ற சில பொருள்களே நடுத்தர மக்களை எட்டின. செல்வர் ஒருவர் இல்லத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தம் வாழ்நாள் பணக்காரர் ஆடம்பரத்துக்கே செலவாகிறதே என்று மாரிஸ் வெகுண்டார் எனவும் சொல்வர்.

இதனைக் கொண்டு அவரைப் போலி என்று இகழ்ந்தோர் பலர். அவ்விகழ்ச்சி ஆராயாது கூறியதாகும். கைத்தொழிலாளிக்கு நேரிய கூலியும் போதிய காலமும் கொடுத்தால் பொருளின் விலை ஏறத்தான் செய்யும். மலிவான பொருளின் விலையில் விடுபட்ட பகுதியை யாரோ ஒரு தொழிலாளி தன் உடலால் கட்டிவிடுகிறான். இதை மாரிஸ் நன்கறிந்திருந்தார். அதனாற்றான் கலையைச் சீர்திருத்துவதோடு நில்லாமல், கூலிமுறையையே மாற்ற வேண்டும் என்று அரசியலில் இறங்கினார். அவரது வாழ்வில் முரண் உண்டு, மறைப்பு இல்லை.

குறை வேறோரிடத்தில் இருக்கிறது. அதனைப் புகழுரையாளர் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். மாரிசின் இளமைச் செல்வம் டெவன் மாவட்டத்துச் செம்புச் சுரங்கம் ஒன்றின் பங்குகளிலிருந்து வந்தது. 1855இல் அவருக்கு அதனால் கிடைத்த வருவாய் 700 பவுனுக்கு மேற்பட்டது. செம்பு குறைந்தபோது அச்சுரங்கம் ஆர்சனிக் என்னும் பாடாணத்தைப் பெருமளவில் எடுக்கத் தொடங்கிற்று. புகைவழிகளிற் படிந்த நச்சுப் பொடியைச் சுரண்டியவர்கள் மூக்கில் பஞ்சடைத்து, வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு உழைத்தனர். மாரிஸ் 1871 முதல் 1875 வரை அந்நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். (விலகிய அன்று தம் உயர்ந்த தொப்பியின்மேல் அமர்ந்து அதனை நசுக்கினார் என்பது ஒரு சுவையான கதை.) அக்காலத்துப் பச்சைச் சாயங்கள் பலவற்றில் ஆர்சனிக் கலந்திருந்தது. மாரிசின் தொடக்ககாலச் சுவர்த்தாள் ஒன்றை ஆராய்ந்த ஆண்ட்ரூ மெகார்க் என்னும் அறிவியலாளர், அதன் பச்சையிலும் அந்நஞ்சு உண்டென 2003இல் வெளியிட்டார். சுவர்த்தாளால் நோய் வருகிறதென்று மருத்துவர் கூறியதை 1885இலும் மாரிஸ் பொருட்படுத்தவில்லை.

தறியில் அமர்ந்தவனது மகிழ்ச்சியை அத்துணை நுணுக்கமாக எண்ணிப் பார்த்தவர், சாயத்தை மண்ணிலிருந்து தோண்டியவனை எண்ணாது விட்டது ஏன்? தறியாளன் அவர் கண்முன் இருந்தான். சுரங்கத்தான் பங்குப் பத்திரத்துக்கு அப்பால் இருந்தான். வீட்டுப் பொருளில் அறம் தேடுவோர் பலரும் இன்றும் இந்த இடத்திற்றான் வழுக்குகின்றனர். கடைசியாகப் பொருளைத் தொட்ட கையைப் பாராட்டிவிட்டு, முதலில் தொட்ட கையை மறந்துவிடுகின்றனர்.

மாரிசின் வழி ஒரு தமிழ் மரபினர்வரை நீண்டது என்பது தமிழாசிரியர்கள் கருதத்தக்கது. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877-1947), சர் முத்து குமாரசுவாமியின் மைந்தர். தாயார் ஆங்கிலப் பெண்மணி. நிலவியலாளராக இலங்கையிற் பணியாற்றியபோது, கண்டி நாட்டுச் சிற்றூர்களில் தச்சரும் கொல்லரும் பாய் முடைவோரும் செய்தவற்றை ஊன்றி நோக்கினார். அதன் பயனாய் எழுந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல், மாரிசின் கெல்ம்ஸ்காட் அச்சகத்திலிருந்து வந்த அதே அச்சுப் பொறியில் 1908இல் அச்சாயிற்று. மாரிசுக்குக் கிட்டாத விடையொன்று குமாரசுவாமிக்குக் கிட்டியது போலத் தோன்றும். கண்டிக் கைவினைஞருக்கு அரசும் கோயிலும் ஊழியத்திற்கு ஈடாக நிலம் வழங்கியிருந்தன. ஆகவே அவன் சந்தை விலைக்கு அஞ்சி அவசரப்பட வேண்டியதில்லை. அவன் செய்த வெற்றிலைப் பெட்டியின் வேலைப்பாட்டில் அவ்வமைதி தெரிகிறது.

ஆயினும் இங்கும் ஒரு வினா எழாமற் போகாது. அந்நிலம் சாதியோடு வந்தது. தச்சன் மகன் தச்சனாவதைக் குமாரசுவாமி மரபின் சிறப்பாகவே கண்டார். அவன் வேறொன்றாக விரும்பியிருந்தால் என்ன செய்திருப்பான் என்று அந்நூல் கேட்கவில்லை. மாரிசோ, எவரும் எத்தொழிலையும் விரும்பி மேற்கொள்ளும் சமுதாயத்தையே கனவு கண்டார். சீடர் ஆசானைப் பொருளறிவில் விஞ்சினார். விடுதலை உணர்ச்சியில் பின்தங்கினார். சிற்றூர் மக்களின் கலையைப் போற்றிய அந்நூலும் 425 படிகளே அச்சிடப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும்.

மாரிசின் நிறுவனம் 1940இல் மூடப்பட்டது. சுவர்த்தாள் அச்சுக் கட்டைகளைச் சாண்டர்சன் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இன்று ஸ்ட்ராபெரித் திருடன் தேநீர்க் கோப்பையிலும் துணிப்பையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. மாரிஸ் விரும்பியபடி அவரது வடிவம் எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. அதனை அச்சிட்டவர் யார், எவ்வளவு கூலி பெற்றார் என்பது அக்கோப்பையின் அடியில் எழுதப்படவில்லை. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவர் நிறுவனம் 1860களில் அமைத்த பச்சை உணவறை இன்னும் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. யாரும் உட்கார்ந்து தேநீர் அருந்தலாம். மாரிசின் கைவண்ணத்தை விலைகொடுத்து வாங்காமல் அதன் நடுவே அமர்ந்து துய்க்க விரும்புவோர் அங்கே செல்லலாம்.