ஆளில்லாத சாலை: இனிஷியல் டி பற்றிச் சில குறிப்புகள்

இந்த வருஷம் மூன்றாவது முறையாக இனிஷியல் டி படித்து முடித்தேன். ஷிகெனோ ஷூஇச்சி 1995 முதல் 2013 வரை ஜப்பானில் யங் மேகஸின் வார இதழில் தொடராக வரைந்தது, மொத்தம் 48 தொகுதிகள். முதல் தடவை அதை அனிமேயாகத்தான் பார்த்தேன், ஹாஸ்டலில், யாரோ ஒருத்தனுடைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து. அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து என் சித்தி பையனுக்குக் கொடுத்தவனும் நான்தான். இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காக: தக்குமி என்ற பள்ளிக்கூடத்துப் பையன். அப்பா பூந்தா டோஃபு கடை வைத்திருக்கிறார். பையன் தினமும் விடிவதற்கு முன்னால் ஒரு பழைய டொயோட்டா ஏ.இ.86 காரில் அகினா மலையேறி ஹோட்டலுக்கு டோஃபு கொடுத்துவிட்டு இறங்குகிறான். டம்ளர் தாங்கியில் ஒரு காகிதக் கப் தண்ணீர், அது சிந்தக் கூடாது. ஐந்து வருஷம் இப்படி ஓட்டியதில் அந்த இறக்கத்தில் அவனை யாராலும் ஜெயிக்க முடியாமல் போகிறது. அகினா கற்பனைப் பெயர். குன்மா மாகாணத்திலுள்ள ஹருனா மலைதான் அது. ஏ.இ.86 டொயோட்டா 1983-லிருந்து 1987 வரை தயாரித்த வண்டி, 1.6 லிட்டர், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. எதிரே வருவது நிஸான் ஜி.டி.ஆர்., மாஸ்டா ஆர்.எக்ஸ்.7, மிட்சுபிஷி லான்சர் எவொல்யூஷன். எல்லாமே அதைவிட இரண்டு மடங்கு பவர்.

இதைச் சின்ன வண்டி பெரிய வண்டியை ஜெயிக்கிற கதையாகப் படிப்பதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் படித்தேன். இந்தத் தடவை வேறொன்று கண்ணில் பட்டது.

நம் ஊர் ஷெட்டுகளில் இரண்டு வார்த்தைகள் உண்டு. 'டியூனிங்' என்றால் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு கார்புரேட்டரில் காற்றையும் பெட்ரோலையும் சரிபண்ணி ஸ்லோ ஸ்பீடில் வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்வது. ஆர்.எக்ஸ்.100 வைத்திருந்த யாருக்கும் இது தெரியும். பம்பர், சைலன்சர், வீல் எல்லாம் மாற்றுவதற்குப் பெயர் 'ஆல்ட்ரேஷன்'. இரண்டு வேலையும் ஒழுங்காக முடிந்தால் மெக்கானிக் சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: 'செட் ஆகிடுச்சு'. பாகத்துக்குப் பாகம், வண்டிக்கு ஆள், ஆளுக்கு ரோடு, எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் செட் ஆவது. பவர் கூடுவது அதில் ஒரு பகுதி, சில சமயம் அதுகூட இல்லை.

ஷிகெனோவுக்கு இது நன்றாகத் தெரியும். லான்சர் எவோக்களை மட்டுமே ஓட்டும் ஒரு குழுவுடன் மோதும்போது தக்குமியின் எஞ்சின் வெடித்துவிடுகிறது. அப்பா ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த ரேஸ் எஞ்சின் ஒன்றை மாட்டுகிறார். 11,000 ஆர்.பி.எம். வரை போகக்கூடியது. வேறு எந்தக் கதாசிரியராக இருந்தாலும் அடுத்த அத்தியாயத்தில் பையன் பறந்திருப்பான். இங்கே அவன் குழம்புகிறான். வண்டி முன்பைவிட மோசமாக ஓடுவது போல அவனுக்குத் தோன்றுகிறது. பழைய டாகோமீட்டர் பழைய எஞ்சினுக்கானது. புது எஞ்சினின் உயிர் எங்கே இருக்கிறது என்று அந்த முள்ளால் காட்ட முடியாது. மீட்டர் மாற வேண்டும், அவன் காதும் காலும் மாற வேண்டும். வண்டிகளைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட நேர்மையான பகுதி எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒரு பாகத்தை மாற்றினால் அது மற்ற எல்லாவற்றிடமும் கேள்வி கேட்கும் என்பதை ஒரு பையனின் எரிச்சலாகவே காட்டிவிடுகிறார்.

என் புகார் இனிமேல்தான். இவ்வளவு தெரிந்த ஷிகெனோ, ஷெட்டை வரைவதில் கஞ்சத்தனம் காட்டுகிறார். பூந்தா ராத்திரியில் எதையோ தொட்டு வைத்திருப்பார். பையன் மறுநாள் ஓட்டும்போது அது தெரியும். எத்தனை மணி நேரம், எத்தனை தடவை தப்பாகி மறுபடி கழற்றினார், ஒன்றும் கிடையாது. பிற்பகுதியில் வேனும் மெக்கானிக்குகளும் வந்தாலும் பக்கங்கள் எல்லாம் சாலைக்குத்தான். வேலை ஒரு ரகசியமாகிறது, அப்பாவின் மகிமையாகிறது, அவர் சிகரெட் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். வாசகன் கையில் மிஞ்சுவது சத்தமும் ஸ்டிக்கரும்.

அந்த மிச்சம் எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-லிருந்து திருவள்ளூரில் லான்சர் தயாரித்தது. காமிக்ஸில் வருகிற எவோ 4-க்கும் அந்தத் திருவள்ளூர் லான்சருக்கும் அடிப்படை பாடி ஒன்றுதான். ஒன்றில் 280 குதிரைத்திறன் டர்போ, நான்கு சக்கரத்துக்கும் விசை. நம்முடைய 1.5 லிட்டர் பெட்ரோலில் தொண்ணூறுக்குள், அதுவும் முன்சக்கரத்துக்கு மட்டும். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால்? எவோ பம்பர், பானெட், பின்னால் ஒரு பெரிய விங். தூரத்தில் வரும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் என்று எங்கள் பக்கம் ஓடியவற்றில் பாதி இப்படித் தோல் மாறியவைதான்.

என் தம்பி, அதாவது அந்தச் சித்தி பையன், அப்படி ஒரு செகண்ட் ஹேண்ட் லான்சர் வாங்கினான். பி.ஒய். நம்பர் பிளேட். 'ஜப்பான் வண்டிக்குன்னே இருக்கிற ஷெட்டுண்ணா' என்று ஒரு இடத்தில் விட்டான். வெளியே வந்த வண்டியைப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன். விங், பதினேழு இன்ச் அலாய், இடையில் ஒன்றுமே இல்லாத நேர்ச் சைலன்சர். வண்டி தரையோடு ஒட்டி நிற்பதற்காகக் காயில் ஸ்பிரிங்குகளை கிரைண்டரால் அறுத்திருந்தார்கள். பிரேக் மட்டும் பழையது. பேட் கூட மாற்றவில்லை.

ஸ்பிரிங்கை அறுத்தால் என்ன ஆகும் என்பது எளிது. சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைப்பாகும். ஆனால் அது அமுங்குவதற்கான இடம் போய்விடும். ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்கு அளவானது, இதை அடக்க அதனால் முடியாது. பள்ளத்திலோ முழு பிரேக்கிலோ சஸ்பென்ஷன் அடிமட்டத்தில் இடிக்கும், டயர் தரையைப் பிடிக்காமல் துள்ளும். நேர்ச் சைலன்சரில் சத்தம் கூடும், கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை பெரும்பாலும் குறையும். அதாவது ஷெட் அந்த வண்டியை வேகமாக்கவே இல்லை. வேகமாகப் போவதாக ஓட்டுபவனுக்குத் தோன்றும்படி செய்திருந்தது. நிற்கும் திறனை வேறு எடுத்துவிட்டது. எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. 'சவுண்ட் செமடா' என்றுதான் சொன்னேன்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் கிட்டத்தட்ட 37 கிலோமீட்டர். நான்கு வழிச்சாலை, சமதளம், நேர்க்கோடு. அகினாவில் இருக்கிற எதுவும் இங்கே இல்லை. வளைவு இருந்தால்தான் கைத்திறனுக்கு வேலை; நேர் ரோட்டில் ஆக்ஸிலரேட்டருக்கு மட்டும்தான். ஆனால் இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. ஷிகெனோவின் சாலையில் ஆளே கிடையாது. நியாயமாகச் சொன்னால் அவர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. ரேஸ் நடக்கும்போது வளைவுகளில் பையன்கள் நின்று எதிரே வண்டி வருகிறதா என்று தகவல் சொல்வார்கள். அந்தப் பையன்களை மூன்றாவது வாசிப்பில்தான் கவனித்தேன். அந்தச் சாலை தானாகக் காலியாக இல்லை, ஆட்களை நிறுத்திக் காலியாக வைத்திருக்கிறார்கள். எங்கள் சாலையில் ராத்திரி இரண்டு மணிக்கும் ஆம்னி பஸ், மீடியனில் தாண்டும் மாடு, டீ குடிக்க ஓரங்கட்டிய லாரி, ராங் சைடில் வரும் டி.வி.எஸ். எக்செல், அரவை சீசனில் கரும்பு டிராக்டர்.

2012-ல், விக்கிரவாண்டிக்குக் கொஞ்சம் முன்னால், கரும்பு டிராக்டர்தான். தோகை பின்னால் தொங்கி விளக்கை மறைத்திருந்தது. பிரேக் அடித்தான், வண்டி முன்னால் குத்தி, பின்பக்கம் வழுக்கிப் பக்கவாட்டில் போய் மோதியது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் நான் அவனைப் பார்த்தேன். இடது காலில் பிளேட். இன்றும் மாடிப்படி ஏறும்போது தெரியும். சித்தி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்துள்ள விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. ஆனால் சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்து வருஷம். அதுவரை யாரும் அதன் அடியில் குனிந்து பார்க்கப் போவதில்லை. ஜப்பானில் புதுக் காருக்கு முதல் சோதனை மூன்றாம் ஆண்டில், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. 'ஷாகென்' என்பார்கள். அங்கே மாற்றிய வண்டியும் அந்தச் சோதனைக்குப் போய் நிற்க வேண்டும். இங்கே மொத்தமாகத் தடை, ஆனால் சோதனை இல்லை. நல்ல ஷெட்டும் கிரைண்டர் ஷெட்டும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. நல்லவனுக்கு அதனால் என்ன லாபம்? எவோ லான்சரின் ஆர்.சி. புத்தகத்தில் கடைசிவரை எந்த மாற்றமும் பதிவாகவில்லை.

ஷிகெனோ வரையாமல் விட்ட ஷெட்டை நினைக்கும்போது எனக்கு கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் ஞாபகம்தான் வருகிறது. மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் சுசுகி எஞ்சின், 796 சி.சி., கார்புரேட்டர் காலத்தில் நாற்பது குதிரைத்திறனைத் தொடாதது. அதை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார், ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயன் ரேஸ் பழகியது அந்த வகைக் காரில்தான். எஞ்சின் சின்னது என்பதால் எடையும் சஸ்பென்ஷனும் ஓட்டுபவனும் செட் ஆகாமல் அதில் ஜெயிக்க முடியாது. பூந்தா செய்ததும் இதுதான், ஆனால் இங்கே அது ரகசியமில்லை, பலர் கட்டி, பலர் ஓட்டி, பலர் உடைத்தது. ஓடிய இடம் ரேஸ் டிராக். முன்பு சோழவரம் விமானதளம், 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டை. கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான். இருங்காட்டுக்கோட்டை எங்கள் ஊரிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம். தம்பியும் நானும் ஒருமுறைகூடப் போனதில்லை.

ஷிகெனோவே பிறகு யோசித்திருக்க வேண்டும். 2017-ல் தொடங்கிய எம்.எஃப். கோஸ்ட் இனிஷியல் டி-யின் தொடர்ச்சி. அதில் ரேஸ் நடப்பது அதிகாரபூர்வமாக மூடப்பட்ட பொதுச்சாலையில். கதையாக அது முதலாவதின் பக்கத்தில் நிற்காது. முகங்கள் தட்டை, வர்ணனை அதிகம். ஆனாலும் எனக்கு அது ஒரு திருத்தமாகப் படுகிறது.

போன மாசம் தம்பிக்கு அதைக் கொடுத்தேன். நான்கு நாளில் போன் பண்ணினான். 'அண்ணா, இதுல ரோட்ட மூடிட்டுத்தான் ஓட்றானுங்க.' ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், இருங்காட்டுக்கோட்டையில் அடுத்த ரேஸ் எப்போது, பஸ்ஸில் போனால் எங்கே இறங்கணும் என்று கேட்டான்.