மூலமும் உரையும்: பழைய வீட்டுக் கணிப்பொறிகளின் நிரல்கள்

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, ஒலிநாடாவிலிருந்தோ காந்தத் தட்டிலிருந்தோ நிரலை ஏற்றி இயக்கிய சிறு கணிப்பொறிகள் 1980களில் மேல்நாட்டு இல்லங்களில் புகுந்தன. ஆப்பிள்-2, ஸ்பெக்ட்ரம், பிபிசி மைக்ரோ ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. இன்று அவை காட்சிக்கூடங்களிலும் ஆர்வலர் இல்லங்களிலும்தான் எஞ்சியுள்ளன. ஆனால் அவற்றுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளை இன்றைய கணிப்பொறியிலேயே நீங்கள் ஆடலாம். பழைய பொறியைப் போலவே நடந்துகொள்ளும் சிறப்பு நிரல்கள் இதற்கு உதவுகின்றன.

"அப்படியானால் பழைய நிரல்கள் பிழைத்துவிட்டனவே, இனி என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். பிழைத்திருப்பவை பொறி படிக்கும் எண்கள். மனிதர் எழுதிய மூல நிரல், அதாவது பெயர்களும் குறிப்புகளும் அடங்கிய முதல் எழுத்து, மிகப் பலவற்றுக்குக் கிடைக்கவில்லை. அதைத் தேடி மீட்கும் பணி உலகின் பல பகுதிகளில் நடந்து வருகிறது. மீட்கப்பட்டவை எல்லாம் ஒரே தரத்தன அல்ல. மூன்று நிரல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்த விதத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் நிறைகுறைகளையும் இங்கு ஆராய்வோம்.

32 என்ற எண்

முதலில், மூலம் இல்லாவிட்டால் என்ன இழப்பு என்பதைத் தெரிந்துகொள்வோம். நினைவகத்தின் ஓர் இடத்தில் 32 என்ற எண் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஆப்பிள்-2இல் இருந்த 6502 என்னும் நுண்செயலி இதைக் கட்டளையாகப் படித்தால், 'துணை நிரலுக்குச் சென்று திரும்பு' என்று பொருள். எழுத்தாகக் கொண்டால், இரு சொற்களுக்கு இடையே விடும் வெற்றிடம். வெறும் எண்ணாகக் கொண்டால் முப்பத்திரண்டு. எந்த இடத்தில் எது என்பதை அந்த எண்ணே நமக்குச் சொல்லாது.

நிரல் எழுதுபவர் எண்களை எழுதுவதில்லை. 'வலிமையில் ஒன்றைக் குறை' என்பது போல ஒரு வரி எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே 'வாள்வீச்சு பட்டால் இது நிகழும்' என்று ஒரு குறிப்பும் எழுதுகிறார். அசெம்பிளர் என்னும் மொழிமாற்றி அந்த வரியை 198, 37 என்ற இரண்டு எண்களாக்குகிறது. 198 என்பது 'ஒன்றைக் குறை' என்ற கட்டளை. 37 என்பது வலிமை வைக்கப்பட்டுள்ள இடத்தின் எண். 'வலிமை' என்ற பெயர் மறைந்துவிட்டது. குறிப்போ எண்ணாகக்கூட மாறவில்லை, முற்றிலும் விடப்பட்டது. விற்பனைக்கு வந்த தட்டில் இருந்தவை 198, 37 மட்டுமே.

எண்களிலிருந்து கட்டளைகளைத் திரும்பப் பெறலாம். பெயரையும் காரணத்தையும் பெற முடியாது, ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நம் முதல் நூல் சான்று.

மூலமில்லாத உரை

பிரிட்டனின் சின்கிளேர் நிறுவனம் 1982இல் ஸ்பெக்ட்ரம் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் அழியா நினைவகத்தில் 16 கிலோபைட் அளவில் பேசிக் மொழியும் பிற அடிப்படை நிரல்களும் பதிக்கப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டே, அதாவது 1983இல், அயன் லோகன், ஃபிராங்க் ஓஹாரா என்ற இருவர் அந்த 16 கிலோபைட்டையும் கட்டளை கட்டளையாகப் பிரித்து, விளக்கம் எழுதி, நூலாக வெளியிட்டனர். இன்றும் அந்தப் பொறியை ஆராய்வோர் முதலில் நாடும் நூல் இதுதான். ஒரு பகுதியைக்கூட ஒதுக்காமல் விளக்கியிருப்பது அதன் பெருஞ்சிறப்பு.

ஆனால் ஓரிடத்தைப் பாருங்கள். ஸ்பெக்ட்ரத்தில் இருந்த நுண்செயலி இசட்-80. தடுக்க முடியாத ஒரு மின்குறிப்பு வெளியிலிருந்து வந்தால், அது கைவேலையை நிறுத்திவிட்டு 102ஆம் இடத்தில் உள்ள சிறு நிரலுக்குச் செல்லும். அந்தச் சிறு நிரல், 23728ஆம் இடத்தில் வைத்துள்ள முகவரியை எடுத்துப் பார்க்கிறது. அது சுழியம் அல்ல என்றால் ஒன்றும் செய்யாமல் திரும்புகிறது. சுழியம் என்றால் அந்தச் சுழியத்தையே முகவரியாகக் கொண்டு தாவுகிறது. பொறி முதலிலிருந்து தொடங்குகிறது.

இது விந்தையாக இல்லையா? ஒரு முகவரியைக் கேட்டு வாங்கி, சுழியத்தை மட்டும் ஏற்பானேன்? இதற்கு நேர்மாறாக, சுழியம் இருந்தால் திரும்பு, வேறு முகவரி இருந்தால் அங்கே செல் என்றிருந்தால் பயனுடையதாக இருக்கும். பொறியை வாங்கியவர் தம் சொந்த நிரலை அங்கே இணைத்திருக்கலாம். அப்படி மாற்ற ஒரே ஓர் எண் போதும். 109ஆம் இடத்தில் இருப்பது 32. இசட்-80இன் மொழியில் அதற்கு 'சுழியம் இல்லையெனில் தாவு' என்று பொருள். அங்கே 40 இருந்தால் 'சுழியமெனில் தாவு' என்றாகும்.

லோகனும் ஓஹாராவும் 23728ஆம் இடத்துக்குத் தாமே ஒரு பெயர் சூட்டி, இது பொறியை மீண்டும் தொடக்குவதற்கான வழி என்று உரை எழுதினர். பின்வந்தோர் பலர் இதைப் பிழை என்கின்றனர். வேண்டுமென்றே அடைத்த வழியாக இருக்கலாம் என்போரும் உண்டு. நிரலை எழுதியவர் பக்கத்தில் ஒரு வரி குறிப்பு எழுதியிருந்து, அது நமக்குக் கிடைத்திருந்தால் வழக்கு ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். நூலாசிரியர்கள் மீது இதில் பழியில்லை. மூலமின்றி எழுதும் உரைக்கு உள்ள எல்லை இது. அந்நூலைப் படிக்கும்போது, நிரல் என்ன செய்கிறது என்னும் பகுதியை நம்புங்கள். எதற்காகச் செய்கிறது என்னும் பகுதியை உரையாசிரியரின் கருத்தாகவே கொள்ளுங்கள்.

அலமாரியில் கிடைத்த மூலம்

இரண்டாவது நிரல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்ற புகழ்பெற்ற விளையாட்டு. அமெரிக்கரான ஜோர்டன் மெக்னர் ஆப்பிள்-2க்காக இதை எழுதினார்; 1989இல் பிராடர்பண்ட் நிறுவனம் வெளியிட்டது. மூல நிரல் தொலைந்துவிட்டது என்றே மெக்னர் கருதியிருந்தார். ஏறத்தாழ 10 ஆண்டுகள் தேடியும் பயனில்லை. 2012இல் அவருடைய தந்தை நியூயார்க்கில் வீட்டைத் துப்புரவு செய்தபோது, அலமாரியின் பின்புறம் கிடந்த பழைய பொருள்களைப் பெட்டியிலிட்டு மகனுக்கு அனுப்பினார். மூன்றரை அங்குலக் காந்தத் தட்டுகள் சில அதில் இருந்தன. மூல நிரல் என்று அவற்றில் எழுதியிருந்தது! இந்த விளையாட்டுக்கு இசை அமைத்தவரும் அதே தந்தைதான்.

தட்டு கிடைத்தால் போதுமா? காந்தப் படலம் நாளடைவில் வலுவிழக்கும். பூஞ்சை பிடிப்பதும் பூச்சு உரிவதும் உண்டு. மெக்னர் அவசரப்படாமல் அறிந்தவர்களை நாடினார். அவ்வாண்டு ஏப்ரலில் ஜேசன் ஸ்காட், டோனி டயஸ் என்ற இரு வல்லுநர்கள் பழைய ஆப்பிள் பொறிகளுடன் அவர் இல்லத்துக்கு வந்து தட்டுகளைப் படித்தனர். 22 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தும் அவை கெடவில்லை. ஓரிரு நாளில் மூலம் பொதுக் களஞ்சியம் ஒன்றில் வெளியாயிற்று.

இந்த மூலத்தைப் படிப்பது பெரிய மகிழ்ச்சி. மோதலுக்கு ஒரு கோப்பு, பகைவரின் போக்குக்கு ஒரு கோப்பு, நகரும் பொறிகளுக்கு ஒரு கோப்பு என்று பகுத்திருக்கிறார். எல்லாவற்றிலும் சிறந்தது 'சீக்டேபிள்' என்ற கோப்பு. கதைத்தலைவன் ஓடுவது, தாவுவது, தொங்குவது ஆகிய அசைவுகள் அதில் வரிசையாக உள்ளன. 'இந்தப் படத்தைக் காட்டு. இத்தனை புள்ளி முன்னே நகர்த்து. காலடி ஓசை எழுப்பு' என்ற முறையில் ஒவ்வோர் அசைவுக்கும் பெயரிட்ட பட்டியல்கள் காணப்படும். மெக்னர் 1985இல் தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடித்து, சட்டம் சட்டமாகப் பார்த்து வரைந்த அசைவுகள் இவை. மூலம் இல்லாதபோது இப்பகுதி பொருளற்ற எண்களின் நீண்ட வரிசை. மூலத்தில் இது ஓர் இளைஞனின் ஓட்டம்.

குறைகளும் உள்ளன. முதலாவது, இது மெர்லின் என்ற ஆப்பிள்-2 அசெம்பிளருக்காக எழுதப்பட்டது. இதை இன்றைய கணிப்பொறியில் மொழிமாற்றி மீண்டும் ஆடத்தக்க தட்டாக்குவது எப்படி என்ற வழி வெளியீட்டில் இல்லை. வாசகர் சிலர் பிற்பாடு தாமே உழைத்து அந்த வழியை உண்டாக்கினர். இரண்டாவது, உரிமை. படிக்கலாம், மாற்றிப் பார்க்கலாம், தமக்கு மறுப்பில்லை என்கிறார் மெக்னர். ஆனால் விளையாட்டின் மீது எந்த உரிமையும் இதனால் வழங்கப்படவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். வணிகப் பெயர் இன்னும் விலைபோகும் நிலையில் அவரது தயக்கம் புரிகிறது. எனினும் அதை நம்பிப் பாடநூலில் சேர்க்க விரும்பும் ஆசிரியர் என்ன செய்வார்?

மூன்றாவது குறை மூலத்துக்கே உரியது. அது முடிவு நிலையைக் காட்டுகிறது. வளர்ந்த கதையைக் காட்டுவதில்லை. விளையாட்டில் தலைவனின் நிழலுருவே பகைவனாக வந்து நிற்கும் காட்சி புகழ்பெற்றது. புதிய பகைவனின் படங்களை வைக்க நினைவகத்தில் இடமில்லை. ஆகவே தலைவனின் படத்தை ஒரு புள்ளி நகர்த்தி, அதே படத்தோடு ஒரு தருக்கக் கணக்கால் கலந்தபோது மினுங்கும் நிழலுரு பிறந்தது. இட நெருக்கடியே காரணம் என்பது நமக்குத் தெரிவது மெக்னரே சொன்னதால்தான். அவர் அக்காலத்தில் எழுதிய நாட்குறிப்புகளும் நூலாக வந்துள்ளன. மேலும், வேறு பொறிகளுக்கு இதை மாற்றி எழுதுவோருக்கென 1989இல் அவரே எழுதிய விளக்கக் கையேடும் உண்டு. மூலம், ஆசிரியர் உரை, நாட்குறிப்பு மூன்றும் ஒரு நிரலுக்கு வாய்ப்பது மிக அரிது.

வரிக்கு வரி உரை

மூன்றாவது 'எலீட்'. டேவிட் பிராபென், அயன் பெல் இருவரும் எழுதி 1984இல் பிபிசி மைக்ரோவுக்காக வெளியான விண்வெளி வணிக விளையாட்டு. 32 கிலோபைட் நினைவகத்தில், திரைக்கான இடமும் போக, 8 விண்மீன் மண்டலங்களை அமைத்தனர். ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். ஆக மொத்தம் 2,048. இத்தனையையும் பட்டியலாக வைக்க இடமேது? 6 பைட்டில் அடங்கும் மூன்று எண்களை விதையாகக் கொண்டு, கூட்டிக் கலக்கி, உலகின் பெயர் முதல் ஆட்சிமுறை வரை அவ்வப்போது கணக்கிட்டுப் பெற்றனர்.

இதன் மூலத்தை அயன் பெல் பின்னாளில் வெளியிட்டார். ஆனால் திறந்து பார்த்தவர் திகைப்பர். குறிப்புகள் மிகச் சில. வரைபடத்தில் ஒரு புள்ளிக்கு மிக அருகிலுள்ள உலகைக் கண்டுபிடிக்கும் துணை நிரலின் பெயர் 'டிடி111'. மூலம் கிடைத்தும் பொருள் கிடைக்கவில்லை!

இக்குறையை மார்க் மாக்சன் என்பவர் போக்கினார். ஒவ்வொரு வரிக்கும் உரை எழுதி, கணித முறைகளுக்குத் தனிக் கட்டுரைகளும் எழுதினார். அதோடு நில்லாமல், உரையோடு கூடிய மூலத்தை மீண்டும் மொழிமாற்றி, அன்று வெளியான நிரலோடு பைட்டுக்குப் பைட் பொருந்துகிறதா என்று சோதிக்கும் வழியையும் சேர்த்தார். இந்தச் சோதனையே அவர் பதிப்பின் சிகரம் எனலாம். உரை எழுதும்போது மூலத்தில் கைபட்டுவிடவில்லை என்பதற்கு அதைவிட உறுதியான சான்று வேண்டுமா?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. உரை இவ்வளவு நிறைவாக இருக்கும்போது, உரையாசிரியர் காணும் காரணத்தையே நிரலாசிரியரின் எண்ணமாகக் கொள்ளும் மயக்கம் நமக்கு வரும். ஸ்பெக்ட்ரம் நூலுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். மூலத்தின் உரிமை இன்றும் அதன் ஆசிரியர்களுடையது என்பதையும் மறக்கலாகாது.

எது நல்ல பதிப்பு?

மூன்றையும் ஒப்பிட்டால் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எழுதியவர் எழுதியபடியே மூலம் இருக்க வேண்டும். இதில் மெக்னரின் வெளியீடு முதலிடம் பெறும். மூலத்திலிருந்து நிரலை மீண்டும் கட்டிப் பார்க்க வழி இருக்க வேண்டும். படிப்பவருக்கு உரையும் வேண்டும். இவ்விரண்டிலும் எலீட் பதிப்புக்கு நிகரில்லை. நான்காவதாக, எவரும் அஞ்சாமல் பயன்படுத்தும் உரிமை வேண்டும். இதில் மூன்றும் பின்தங்கியே உள்ளன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 6502க்கான தன் பழைய பேசிக் மொழியின் மூலத்தை 2025இல் யாரும் படிக்கவும் மாற்றவும் பரப்பவும் இசைவளித்து வெளியிட்டது. பெரிய நிறுவனமே செய்யத் துணிந்ததை மற்றவரும் செய்யலாம்.

காலமோ குறைவு. 1980களில் இளைஞராய் நிரல் எழுதியவர்கள் இன்று முதுமையை எட்டிவிட்டனர். தட்டுகளும் அவர்களோடு முதுமை அடைகின்றன. 109ஆம் இடத்தில் 32 ஏன் என்பது போன்ற கேள்விகளை எழுதியவரிடமே கேட்டுப் பதிவு செய்யும் வாய்ப்பு நெடுநாள் நீடிக்காது.

மாணவ நண்பர்களே! இம்மூன்றில் ஒன்றையேனும் எடுத்துப் படித்துப் பாருங்கள். சீக்டேபிளிலிருந்து தொடங்குவது எளிது. நீங்களே நிரல் எழுதுபவரானால் இன்னொன்றும் செய்யுங்கள். இயங்கும் நிரலோடு மூலத்தையும், எந்த மொழிமாற்றியால் எப்படிக் கட்டினீர்கள் என்ற குறிப்பையும், பிறர் என்ன செய்ய இசைகிறீர்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.