எத்தனை பிரதி?

'பிரதி' பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதுகிற நாம், எத்தனை பிரதி விற்றது என்று பதிப்பாளரிடம் கேட்கக் கூசுகிறோம். இலக்கியத்தில் காசு பேசினா தீட்டு!

ராயல்டியில் சதவீதம் ரெண்டாம்பட்சம். யார் பணம் முடங்குகிறது, எந்தத் தொகையின்மேல் சதவீதம் என்பதில்தான் அரசியல். கைமுதல் போட்டு அச்சிடும் பதிப்பாளர் விலையில் 10 சதம் தருவது வழக்கம். 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு 20 ரூபாய். சொற்பந்தான். ஆனால் விற்றால்தான் அவருக்கும் பிழைப்பு.

என் முதல் தொகுப்புக்கு ஒருவர் '50 சதம்' என்றார். 500 பிரதி போட 40,000 ரூபாயை என்னிடமே வாங்கினார். விலை 200. கடைக்கழிவு 35 சதம் போக 130. அதில் பாதி, 65 எனக்கு. அத்தனையும் விற்றாலும் 32,500தான். கட்டுப் பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. அவருக்கென்ன, அச்சேறிய அன்றே லாபம். அங்கே வாசகன் எதுக்கு? எழுதுகிறவனே சந்தை.

1945இல் கோட்டயத்தில் எழுத்தாளர்கள் தொடங்கிய சாகித்ய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம் 30 சதம் கொடுத்தது. கணக்குப் புத்தகம் எழுதுகிறவர்கள் கையிலேயே இருந்ததால் அது முடிந்தது.

சதவீதத்தைப் பிறகு பேசலாம். எத்தனை அடித்தீர்கள், எத்தனை விற்றீர்கள்? முதலில் கணக்கைக் காட்டச் சொல்வோம்.